காலி டாங்கரின் மேல் உட்கார்ந்தவள்

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விழுந்த ஒரு வார்த்தை, ஒரு வாரமாகியும் அந்த வீட்டில் எழுந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளையை யார்டு வேலைக்கு மட்டும் கூப்பிடாதே" என்று பெரியவள் அண்ணனிடம் சொன்னாள். அவ்வளவுதான். சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து மாடிப்படியில் அக்கா எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறாள். பட்டறை மூடிய நாளிலிருந்து வீட்டில் முடங்கிக் கிடந்த தன் புருஷனுக்கு ஒரு வேலை வருவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அண்ணன் இரண்டு தங்கைகளில் எவள் பேச்சையும் கேட்கிறவர் அல்ல. கூப்பிட்டுவிட்டார்.

ஆக, இன்று காலை மாப்பிள்ளை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, வெல்டிங் முகமூடியைக் கையில் தொங்கவிட்டபடி, அண்ணன் சூப்பர்வைசராக இருக்கும் டாங்கர் யார்டுக்குள் நுழைந்தார். முதல் நாள் வேலை.

பெரியவள் அதே யார்டில் டாங்கர் ஓட்டுகிறவள். இன்று அவளுக்கு ஓய்வு. நேற்று மாலை ஒரு பெயின்ட் தொழிற்சாலையில், பெயின்ட் கரைக்கிற தின்னர் லோடை இறக்கிவிட்டு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூக்குக்கண்ணாடி வண்டியிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்கத்தான் இப்போது வந்தாள். கேட்டைத் தாண்டியதும் கால் நின்றது.

தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று ஆபீஸ் சுவரிலிருந்து கிளம்பி, தரையில் நெளிந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது.

மஞ்சள் கோடு என்பது யார்டுக்குக் குறுக்கே தரையில் அடித்த பெயின்ட். கோட்டுக்கு அந்தப் பக்கம் டாங்கர்கள். அங்கே சிகரெட் கூடாது, போன் கூடாது, பொறி பறக்கிற எந்த வேலையும் கூடாது. அந்தப் பக்கம் தும்மக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி வைப்பார்கள். தும்மல் விஷயம் பொய். மற்றதெல்லாம் நிஜம்.

கேபிள் போய் முடிந்தது அவளுடைய வண்டியில். பின்பக்க ஏணிக்குக் கீழே மாப்பிள்ளை குந்தியிருந்தார். கையில் வெல்டிங் கம்பி சொருகிய ஹோல்டர்.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?"

"வாங்கக்கா. உங்க வண்டிதான். ஏணியோட மேல்படி பிஞ்சு தொங்குது. ரெண்டே ரெண்டு பொட்டு வெல்டிங். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"கழுவினாங்களா?"

"எதை?"

"டாங்கை. நீராவி விட்டுக் கழுவினாங்களான்னு கேக்கறேன்."

மாப்பிள்ளை சிரித்தார். "காலி வண்டிதானேக்கா. நீங்கதானே நேத்து இறக்கிட்டு வந்தீங்க? பலகையைக்கூட நீங்களே திருப்பி வெச்சிருக்கீங்களே."

பெரியவள் பலகையைப் பார்த்தாள்.

டாங்கரின் பின்புறம் தொங்கும் சிவப்புப் பலகை அது. நடுவில் தீ நாக்குப் படம். அது வெளியே தெரிகிறவரை வண்டியை வீடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது, கடை வாசலில் நிறுத்த முடியாது. நாளெல்லாம் ஓட்டினவன் ஒரு வாய் டீ குடிக்க ஆள் இல்லாத இடமாகத் தேடி அலைய வேண்டும். அதனால் லோடு இறங்கியதும் டிரைவர்கள் முதல் காரியமாகப் பலகையைத் திருப்பிவிடுவார்கள். பலகையின் மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம். சாம்பல் தெரிந்தால் வண்டி சாதுவாகிவிட்டது என்று அர்த்தம். யார்டில் அப்படி ஒரு வழக்கம்.

விதி அப்படிச் சொல்லவில்லை. கழுவி முடிக்கிறவரை சிவப்புதான் தெரிய வேண்டும் என்கிறது விதி. ஏனென்றால் இறக்கிய டாங்கின் அடியில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த ஈரம் ஆவியாகி டாங்க் முழுக்க நிற்கும். எரிவது அந்த ஆவிதான். நிறைந்த வண்டியைவிட இறக்கிய வண்டி பொல்லாதது. யார்டில் இது தெரியாத டிரைவர் ஒருவர்கூட இல்லை. பலகையைத் திருப்பாத டிரைவரும் ஒருவர்கூட இல்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் பெரியவளும் நேற்று அதைத் திருப்பிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"நான்தான் திருப்பினேன் மாப்பிள்ளை. திருப்பினது தப்பு. அதோட வயிறு இன்னும் காலியாகலை. உள்ள ஆவி நிக்குது."

மாப்பிள்ளையின் சிரிப்பு போய்விட்டது. "அக்கா, முதல் நாள் வேலைக்கு வந்திருக்கேன். கம்பியைத் தொட்டவுடனே வந்து நிக்கறீங்க. நான் வரக்கூடாதுன்னு நீங்க சொன்னது எனக்கும் தெரியும். இருந்தாலும் இப்படியா?"

சுவரோரம் வெல்டிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இவரிடம் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கம்பி ஏணியில் உரசிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏணியில் காலை வைத்தாள். பிய்ந்த படியைத் தாண்டும்போது முட்டி இடித்தது. மேலே போய், டாங்கின் முதுகில் நடப்பதற்கென்று போட்டிருக்கும் இரும்புப் பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப ஒட்டுங்க பார்ப்போம்."

---

செய்தி பரவ நேரமாகவில்லை. காரணம், யார்டில் 'ஹாரன்' என்று ஒரு மூத்த டிரைவர் உண்டு. அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் கேட்கும்.

"ஏய், தங்கச்சி வண்டி மேல ஏறி உக்காந்துட்டாப்பா! இறங்க மாட்டாளாம்!"

ஆபீஸிலிருந்து அண்ணன் வந்தார். நேராக வந்தவர் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"என்னடி கூத்து இது? இறங்கு."

"கழுவிட்டு வா. இறங்கறேன்."

"நீராவி போடற இடத்துல வரிசை நிக்குது. இன்னைக்குப் போனா நாளைக்குத்தான் கிடைக்கும். மத்தியானம் இந்த வண்டி லோடுக்குப் போகணும். ஏணி உடைஞ்சிருந்தா தொழிற்சாலைக் கேட்டுல உள்ள விடமாட்டான்."

"ஏன் விடமாட்டான்?"

"பாதுகாப்பு விதி!"

"ஓ. பாதுகாப்பா இருக்கணும்னு வெடிக்கச் சொல்றே."

ஹாரன் சிரித்தார். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக்கினார்.

"ஆவி இருக்கா இல்லையான்னு மீட்டர் வெச்சுப் பாரேன்" என்றாள் பெரியவள்.

"மீட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கு."

"எப்ப போச்சு?"

"போயிருக்குன்னா போயிருக்கு! இதே மாதிரி எத்தனை வண்டிக்கு ஒட்டியிருக்கோம். ஏதாவது ஆச்சா? சொல்லு, ஏதாவது ஆச்சா?"

"ஆகலை. அதனாலதான் நீ நின்னு கேக்கறே, நான் உக்காந்து பதில் சொல்றேன்."

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்த வண்டி போகலைன்னா அந்தத் தொழிற்சாலை லோடையே வேற யார்டுக்குக் குடுத்துடுவான். இங்க நிக்கற அத்தனை பேரும் உன்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்கறதுக்கு வாய் மிச்சம் இருக்கட்டும், அது போதும்."

"உன்னை எல்லாம் காலாகாலத்துல ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்திருக்கணும்."

"குடுத்திருந்தா அவனையும் பக்கத்துல உக்கார வெச்சிருப்பேன். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

கேட்டோரம் நின்றிருந்த டிரைவர்கள் ஒரு சொல்லுக்கு அவளையும் மறுசொல்லுக்கு அண்ணனையும் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். லோடு போய்விடும் என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. அதற்காக அவளை இறக்கிவிட ஒருவரும் கோட்டைத் தாண்டவும் இல்லை.

மாப்பிள்ளை நடுவில் அகப்பட்டுக்கொண்டார். ஹோல்டரைக் கீழே வைப்பதா, கையில் வைத்திருப்பதா என்று தெரியாமல் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்.

"மச்சான், நான் என்ன பண்றது?"

"இரு. அவளை இறக்க ஆள் இருக்கு" என்று அண்ணன் போனை எடுத்தார்.

---

சின்னவள் தையல் யூனிட்டில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தோள் பையில் புருஷனும் தானுமாகச் சாப்பிடக் கட்டிய டப்பா. வந்த வேகத்தில் மஞ்சள் கோடும் தெரியவில்லை, நின்ற கூட்டமும் தெரியவில்லை. நேராக டாங்கருக்குக் கீழே போய் நின்று தலையை நிமிர்த்தினாள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அக்காவோடு பேசிய முதல் பேச்சு இது:

"வெக்கமா இல்லையா உனக்கு?"

"வாடி. சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாத. என் மேல கோபம்னா வீட்டுல வெச்சுக் கத்து. நாலு பேர் முன்னாடி இவரை ஏன் அவமானப்படுத்தறே?"

"உன் மேல எனக்கு என்னடி கோபம்?"

"அப்ப இவர் மேலயா?"

"இவர் முழுசா வீட்டுக்கு வரணும்னு ஆசை. அதுக்குத்தான் குந்தியிருக்கேன்."

"வெல்டிங் வேலை இவருக்குப் புதுசா? உனக்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியாதா?"

"இவர் கேட்டும் ஜன்னலும் ஒட்டினவருடி. இது டாங்க்."

அது மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டினார்.

சின்னவளின் குரல் உடைந்தது. "அக்கா, நீ மாடியில இருக்கே, உனக்கு எங்க தெரியும்? பட்டறை மூடினதுலேருந்து இந்த மனுஷன் கண்ணாடி பார்த்ததில்ல. இன்னைக்குக் காலையிலதான் கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவினாரு. சீவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, சரியா இருக்கான்னு கேட்டாரு. அதை நீ கெடுத்துட்டியே."

இரும்பு வெயிலில் சுடத் தொடங்கியிருந்தது. பெரியவள் ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாறி உட்கார்ந்தாள். இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். இத்தனை வண்டிகள் தப்பித்தது உண்மைதான். இதுவும் தப்பிக்கலாம்.

பிறகு மாப்பிள்ளையின் தலையைப் பார்த்தாள். மேலிருந்து பார்க்க முகமூடிக்குப் பின்னால் வகிடு நன்றாகத் தெரிந்தது. அத்தனை நேராக எடுத்திருந்தார்.

"சரி. இறங்கறேன்."

அண்ணன் மூச்சு விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. காலி வண்டி, ஒண்ணும் ஆகாதுன்னு அண்ணன் சொல்றாருல்ல? அவர் ஏறி வந்து என் பக்கத்துல உக்காரட்டும். உக்காந்ததும் மாப்பிள்ளை பத்த வெக்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன்கூட.

"விளையாடறியா?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பொட்டுதானே. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுமாம். வா."

"எனக்கு முட்டி வலி. ஏணி ஏற முடியாது."

சின்னவள் திரும்பினாள். "முட்டி வலியா? முந்தாநாள் மொட்டைமாடித் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு குழாய் மாத்தினியேண்ணே?"

"அதனாலதான் வலி!"

யாரோ சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. அண்ணன் நிற்கும் இடத்தை, அவருடைய காலை, காலுக்கு முன்னால் ஓடும் மஞ்சள் கோட்டை இப்போதுதான் பார்த்தாள். மாப்பிள்ளையும் முகமூடியை மேலே தள்ளிவிட்டு அதையேதான் பார்த்தார்.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "காலையிலேருந்து கேக்கணும்னு நினைச்சேன். வண்டியைக் காட்டினப்பவும் அங்கதான் நின்னீங்க. இப்பவும் அங்கதான் நிக்கறீங்க. ஏன் இந்தப் பக்கம் வரமாட்டேங்கறீங்க?"

"கையில போன் இருக்கு மாப்ளே. போனோட அங்க வரக்கூடாது. விதி."

"போனுக்கே கூடாதுன்னா, இதுக்கு?" என்று மாப்பிள்ளை ஹோல்டரைக் காட்டினார்.

அண்ணன் போனை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"சரி, எதுக்கு வம்பு. மேல மூடி இருக்குல்ல? நானே ஏறித் திறந்து பார்த்துடறேன். காலியா இருந்தா காலிதானே?" என்று மாப்பிள்ளை ஒரு கையில் ஹோல்டரைப் பிடித்தபடியே மறுகையால் ஏணியைப் பிடித்தார்.

"மாப்ளே!"

அப்படி ஒரு கத்தலை அந்த யார்டு கேட்டதில்லை. அண்ணன் போனைத் தரையில் போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். முட்டி வலி எங்கே போனதோ. "கம்பியை ஏணியில படவிடாதே! மூடியைத் திறக்காதே! மெஷின் ஓடிக்கிட்டிருக்குடா, எல்லாரும் போயிடுவோம்!"

வந்தவர் மாப்பிள்ளையின் கையை மணிக்கட்டோடு பிடித்து விலக்கினார்.

கத்தியது அவர் காதிலேயே கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது. சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். கேபிள் வழியே நடந்து, கோட்டைத் தாண்டி, சுவரோரம் போய் மெஷினை அணைத்தார். உறுமல் நின்றதும்தான் அது இவ்வளவு நேரம் உறுமியது எல்லோருக்கும் உறைத்தது.

"தெரிஞ்சேதான் என்னை அங்க குந்த வெச்சீங்களா மச்சான்?"

"மாப்ளே... தெரியும்னு இல்ல. எல்லாருக்கும் தெரியும். ஒண்ணும் ஆகாதுன்னும் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு நாள் ஆகலை." அண்ணன் தரையில் கிடந்த கேபிளைப் பார்த்துப் பேசினார். "உன்னை நான் ஏதாவது பண்ணுவேனா? உனக்கு ஒரு வேலை வேணும்னு நான்தானே நாயா அலைஞ்சேன்?"

அது உண்மை. அதனால்தான் யாருக்கும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. சின்னவளைத் தவிர.

"வேலைதானேண்ணே கேட்டேன்" என்றாள் அவள்.

---

கோட்டுக்கு வெளியே, ஆபீஸ் பக்கம் கிடந்த போன் அடித்தது. ஹாரன் குனிந்து பார்த்தார்.

"முதலாளிப்பா!" என்று ஊருக்கே அறிவித்தார்.

அண்ணன் போய் எடுத்தார். அவர் பேசியதில் பாதி 'சார்', பாதி 'இல்ல சார்'. வைத்துவிட்டு அங்கேயே நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வந்துக்கிட்டிருக்காரு. அவரே வந்து பார்க்கிறாராம். வரும்போது வண்டி மேல யாரும் இருக்கக்கூடாதாம். இருந்தா நாளைக்கு அந்த ஆள் இந்தக் கேட்டுக்குள்ள வரவேண்டாமாம்." குரலைத் தாழ்த்தினார். "இறங்கிடுடி. மாப்பிள்ளை ஒட்டப்போறதில்ல. நீ ஜெயிச்சிட்டே. இறங்கு."

"நான் இறங்கினதும் வெளியேருந்து வேற வெல்டரைக் கூப்பிடுவார். அவனுக்கும் யாராவது தலை சரியா இருக்குன்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க." பெரியவள் இரும்புப் பலகையில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். "கழுவின வண்டியில எவன் வேணும்னாலும் ஒட்டட்டும். இதுல ஒருத்தனும் ஒட்டக்கூடாது."

"வேலை போயிடும்டி."

"போனா வேற ஸ்டியரிங்."

சின்னவள் ஏணிக்குக் கீழே நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிப் போட்டாள். ஏணியில் கை வைத்தாள்.

"ஏய், நீ எங்க?" என்றார் மாப்பிள்ளை.

"அக்கா காலையிலேருந்து சாப்பிடலை."

"இரு" என்றாள் மேலேயிருந்து பெரியவள். "ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்தப் பலகையைத் திருப்பு. நான் செஞ்ச தப்பு அது. என்னால எட்டாது."

சின்னவள் சாம்பல் பலகையைக் கொக்கியிலிருந்து எடுத்து, மறுபக்கம் திருப்பி மாட்டினாள். சிவப்பும் தீ நாக்கும் வெளியே வந்தன. பிய்ந்த படியில் கால் வைக்காமல் எப்படி ஏறுவது என்று தெரியாமல் நின்றவளை மாப்பிள்ளை பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டார். பெரியவள் கை கொடுத்து இழுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டார்கள்.

"அம்மாடி, சுடுதே!"

"பையைக் கீழ போட்டு அது மேல உக்காரு."

"சாப்பாடு நசுங்கிடும்."

"நசுங்கினா நசுங்கினதைச் சாப்பிடுவோம்."

அப்போது வரிசையின் அந்தக் கோடியில் டக்கென்று ஒரு சத்தம். ஹாரன் தன் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பலகையும் சிவப்பாகியிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு காரியம் செய்திருந்தார். மற்ற டிரைவர்கள் அவரைப் பார்த்தார்கள், தங்கள் வண்டிகளைப் பார்த்தார்கள். இன்னும் யாரும் நகரவில்லை.

மாப்பிள்ளை கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். வளையம் வளையமாக, அவசரமில்லாமல், வேலை தெரிந்தவர் சுருட்டுவதுபோல. சுருட்டி முடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டுக்குப் போய் நடுவில் நின்றார்.

அண்ணன் மஞ்சள் கோட்டருகே தனியாக இருந்தார். ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். கையில் போன்.

வெளியே கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வழி விடச் சொல்லி நீளமாக ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை நகரவில்லை.

"அக்கா, வந்துட்டாருக்கா" என்றாள் சின்னவள். அக்காவின் சட்டை நுனியை அவள் கை இறுகப் பிடித்திருந்தது.

பெரியவள் டப்பாவின் மூடியைத் திறந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினாள்.

"வரட்டும். அவருக்கும் இடம் இருக்கு."